பனிக்கு அடியில் காத்திருக்கும் ஏரிகள்

மல்லேஸ்வரத்தில் பனிக்கட்டி வேண்டுமென்றால் சம்பிகே ரோட்டுப் பழச்சாறு கடைக்குத்தான் போக வேண்டும். பெங்களூர்க் குளிர் எவ்வளவு கடித்தாலும் தெருக்குழாயில் தண்ணீர் உறைந்ததில்லை. இந்த ஊரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான், அதுவும் 1884 ஜனவரியில். ஆனால் 18-ஆவது கிராஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், பழைய ஆட்கள் இன்னும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகம் வந்துவிடும். அங்குள்ள திவேச்சா பருவநிலை மாற்ற மையத்தில் இமயமலையின் பனியாறுகளைக் கணக்கெடுப்பதே சிலருக்கு முழுநேர வேலை.

அந்த மையத்தைச் சேர்ந்த அனில் குல்கர்ணியும் ஆஷிம் சத்தாரும் பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2019-லும் 2021-லும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தள்ளி, வடக்கு சிக்கிமில் 5200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரியைப் பற்றியவை அவை. ஏரியின் கரை உடைந்தால் வெள்ளம் எந்த வழியாக இறங்கும், கீழே 60 கிலோமீட்டருக்கு அப்பால் சுங்தாங்கில் நிற்கும் அணையில் என்ன ஆகும், ஏரி இனிமேல் எந்தப் பக்கம் எவ்வளவு வளரும் என்றெல்லாம் அவற்றில் கணக்குப் போட்டிருந்தார்கள். 2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு அந்த ஏரி உடைத்துக்கொண்டது. சுங்தாங்கில் 1200 மெகாவாட் மின்சாரம் தந்துகொண்டிருந்த தீஸ்தா-3 திட்டத்தின் அணையை வெள்ளம் அடித்துச் சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னும் பலரைக் காணவில்லை.

ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது இருக்கட்டும். ஏரி இனி எங்கே வளரும் என்பதை எப்படிச் சொன்னார்கள்? வளரப்போகும் இடத்தில் அப்போது தண்ணீரே இல்லை. பல மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டிதான் கிடந்தது. அதற்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, மேடு இருக்கிறதா என்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தது எப்படி? விடை தெரிய, பனிக்கட்டி மலையை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உயர்ந்த மலைகளில் ஒரு குளிர்காலத்தில் பெய்த பனி, அடுத்து வரும் கோடையில் முழுவதும் உருகிவிடுவதில்லை. மிச்சத்தின் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது. அடுக்கு ஏற ஏற அடியில் இருப்பது நசுங்கி, இடையில் இருந்த காற்று வெளியேறி, இறுகிய பனிக்கட்டியாகிறது. இறுகிய பனிக்கட்டிக்கு நீல நிறம். பின்னாளில் மல்லேஸ்வரத்தில் ‘பஞ்சவடி’ வீட்டுக்குச் சொந்தக்காரரான சி.வி. ராமன், 1923-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஒரு குறிப்பே பனியாறுகளின் நிறம் பற்றியதுதான். ஒளிச்சிதறலைக் கொண்டு அதை அவர் விளக்கினார். சிவப்பு ஒளியைப் பனிக்கட்டி விழுங்கிவிடுவதே முதன்மைக் காரணம் என்பது இன்றைய விளக்கம். எப்படியிருந்தாலும், நீலம் தெரிகிற இடத்தில் காற்றுக் குமிழிகள் குறைந்து பனி நன்றாக இறுகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இறுகிய பனிக்கட்டியின் தடிமன் சுமார் 30 மீட்டரைத் தாண்டியதும் விசேஷமான ஒன்று நடக்கிறது. கையில் எடுத்தால் கல்லாக இருக்கும் பனிக்கட்டி, தன் எடையையே தாங்க மாட்டாமல் சரிவில் ஒழுகத் தொடங்குகிறது. ஒரு தட்டில் கெட்டியான இட்லி மாவை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மாவு மெல்லிய பூச்சாக இருந்தால் நகரவே நகராது. கனமாக இருந்தால் மெதுவாக இறங்கும். சாய்வைக் கூட்டினால் வேகம் கூடும். மாவின் தடிமனைக் கூட்டினாலும் வேகம் கூடும். பனியாறும் அப்படித்தான், ஆனால் அது தடிமனுக்குக் காட்டும் மரியாதை மாவு காட்டுவதை விடப் பல மடங்கு அதிகம். ஒரே சாய்வில் பனியின் தடிமன் இரண்டு மடங்கானால், அது வளைந்து ஒழுகும் வேகம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கட்டுரையின் பிற்பகுதியில் இதுதான் சாவி.

நகரும் பனி சும்மா நகர்வதில்லை. அடியில் கசியும் உருகுநீர் பாறை வெடிப்புகளில் புகுந்து, திரும்ப உறைந்து, பாறையைத் துண்டு துண்டாகப் பெயர்க்கிறது. பெயர்ந்த கற்களைப் பனி தன் அடியில் கவ்விக்கொண்டு கீழே உள்ள பாறையைத் தேய்க்கிறது. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் குறுகலாக இருக்கும். பனியாறு போன பள்ளத்தாக்கு பக்கங்கள் செங்குத்தாகவும் அடி அகலமாகவும் ‘யூ’ வடிவில் இருக்கும். பனி பிறக்கும் உச்சியில் மூன்று பக்கம் சுவர் வைத்த குழி உண்டாகும். பள்ளிக்கூடப் புவியியல் புத்தகங்களில் அதற்கு ‘சர்க்’ என்று பெயர். தேய்த்த பாறை மாவாகி உருகுநீரில் கலப்பதால்தான் பனியாற்றிலிருந்து வரும் ஓடைகள் கோடையில் பால் கலந்தாற்போல் வெளுத்து ஓடுகின்றன.

ஆற்றால் முடியாத ஒரு வேலையும் பனியால் முடியும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போகும். வழியில் குழி வந்தால் அதை நிரப்பி மட்டமாக்கிவிட்டுத்தான் மேலே செல்லும். பனியாற்றைத் தள்ளுவதோ அதன் மேற்பரப்பின் சாய்வு. மேற்பரப்பு சரிந்திருந்தால், அடித்தரை எதிர்மேடாக இருந்தாலும் பனி அதில் ஏறிக் கடந்துவிடும். அதனால் இரண்டு பனியாறுகள் கூடும் இடத்திலும், மலைச்சரிவு சட்டென்று தணியும் இடத்திலும், கனத்த பனி தரையை ஆழமாகக் குடைந்துகொண்டே போகிறது. வெளியே போக வழியில்லாத ஒரு பெரிய குழி அங்கே உருவாகிறது. இதைப் பனிக்குழி என்று அழைக்கலாம். பனி இருக்கும்வரை குழி கண்ணுக்குத் தெரியாது. பனி பின்வாங்கினால் அது ஏரியாகும்.

தேய்த்தும் பெயர்த்தும் எடுத்ததையெல்லாம் பனியாறு எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. பக்கங்களிலும் முனையிலும் அது கொட்டிக் குவிக்கும் கரைமேட்டுக்கு மொரைன் என்று பெயர். ஆற்று மணலில் பெருங்கல், கூழாங்கல், மணல், வண்டல் என்று தண்ணீரின் வேகத்துக்கேற்ப தரம் பிரிந்து கிடக்கும். மொரைனில் அந்த ஒழுங்கு கிடையாது. வீடு அளவுப் பாறையும் முகப்பவுடர் அளவு நுண்மண்ணும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒரு மேடு பனி கொட்டியதா, ஆறு கொட்டியதா என்று அறிய நிலவியலாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தனியாக நிற்கும் பெரிய பாறை எல்லாமே பனி கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. மாமல்லபுரத்துச் சரிவில் உருண்டுவிடுமோ என்று நிற்கும் ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ எங்கிருந்தும் வந்ததல்ல. தரைப்பாறையே வெடிப்புகளின் வழியாக நீரும் காற்றும் புகுந்து சிதைந்து, சிதைந்த பகுதி கழுவப்பட்டு, உறுதியான நடுப்பகுதி மட்டும் மிஞ்சிய வடிவம் அது. பெங்களூர்–மைசூர் சாலையில் ராமநகரத்துப் பாறைகளும் அவ்வாறே. அடியில் இருக்கும் பாறையும் மேலே இருக்கும் பாறையும் ஒரே இனம். பனி தூக்கி வந்த வந்தேறிப் பாறையோ, தான் உட்கார்ந்திருக்கும் தரைக்குச் சம்பந்தமே இல்லாத இனமாக இருக்கும். அதன் ஊர் பள்ளத்தாக்கின் மேல்முனையில் எங்கோ இருக்கும்.

ஐரோப்பாவில் இந்தச் சம்பந்தமில்லாத பாறைகள்தான் விஞ்ஞானிகளைக் குடைந்தன. சுண்ணாம்புக்கல்லால் ஆன ஜூரா மலையில் ஆல்ப்ஸின் கருங்கல் எப்படி வந்தது? பெருவெள்ளம் கொண்டுவந்தது என்று படித்தவர்கள் சொன்னார்கள். பனியாறுகள் ஒரு காலத்தில் இன்றைய முனையைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருந்தன என்று சொன்னவர் ழான்-பியர் பெரோடன் என்ற சுவிஸ் மலைவாசி, ஒரு வேட்டைக்காரர். அவருடைய யோசனை கைமாறிக் கைமாறி லூயி அகாசியிடம் வந்து, 1840-இல் அவர் எழுதிய பனியாறுகள் பற்றிய நூலில் முழு வடிவம் பெற்றது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, ஒடிசாவில் தால்ச்சேர் பகுதியில் ஆய்வு செய்த பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் நுண்மண்ணுக்குள் பெரும்பாறைகள் புதைந்து கிடந்த ஒரு படிவத்தைக் கண்டு, வெயில் காயும் இந்த நாட்டிலும் பனி இருந்திருக்கிறது என்றார்கள். பலர் நம்பவில்லை. 1870-களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் பக்கம் இரை ஆற்றோரம், பனி இழுத்த நேர்க்கோட்டுக் கீறல்களோடு பளபளவென்று மழிக்கப்பட்ட சுண்ணாம்புப்பாறைத் தரை வெளிப்பட்டதும் சந்தேகம் தீர்ந்தது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென்துருவத்துக்கு அருகில் இருந்த காலத்துச் சுவடு அது.

இமயமலையில் இந்தச் சுவடுகள் பழங்கதையல்ல. மக்கள் அவற்றின் மேல்தான் குடியிருக்கிறார்கள். லடாக்கில் மழை மிகக் குறைவு. மலைச்சரிவுகள் வெறும் பாறை. ஊர்கள் இருப்பதோ, பனியாற்று ஓடைகள் பள்ளத்தாக்கில் இறங்கி மண்ணை விசிறியாகப் பரப்பிய இடங்களில். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து கிடைப்பது அங்கே மட்டும்தான். வாற்கோதுமை வயலைச் சுற்றி நிற்கும் மதில்களெல்லாம் வயலிலிருந்தே பொறுக்கி எடுத்த உருண்டைக் கற்கள். ஓடைத் தண்ணீர் இரவில் ‘ஜிங்’ என்ற குளத்தில் சேர்கிறது. காலையில் அதைத் திறந்துவிட்டு, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பவர் ‘சுர்ப்பொன்’. ஊரே சேர்ந்து நியமிக்கும் நீர்ப்பங்கீட்டாளர். மடையை அடைக்க அவருக்குக் கதவு, பூட்டு எதுவும் கிடையாது. நாலு கல்லும் ஒரு புல்கரணையும் போதும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். உயரத்தில் உள்ள பனியாறு நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. லடாக்கின் கிராம மேம்பாட்டுத் துறையில் பொறியாளராக இருந்த செவாங் நோர்பெல் 1980-களில் இதற்கொரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை மலையின் நிழல் விழும் பக்கமாகத் திருப்பி, குட்டையான கல்சுவர்களால் வேகத்தைக் குறைத்து, அடுக்கடுக்காக உறைய வைத்தார். ஊருக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தச் செயற்கைப் பனியாறு முன்னதாகவே உருகும். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் இதையே குழாய்வழியாகச் செய்து, கூம்பு வடிவில் உறைய வைத்தது ‘பனி ஸ்தூபி’. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவென்பதால் அது கூடுதல் நாள் நிற்கும்.

லடாக்குக்குத் தெற்கே இமாச்சலத்தின் லாஹௌல்–ஸ்பிதியில் உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும் பனியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில்தான் விளைகின்றன. பனி விலகிய சர்க் குழிகளிலும் மொரைன் மேடுகளிலும் கோடையில் முளைக்கும் புல்லுக்காகக் ‘கத்தி’ என்ற இடையர் சமூகத்தினர் ஆட்டு மந்தைகளோடு ஆண்டுதோறும் கணவாய் ஏறி வருகிறார்கள். சுமார் 4300 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரதால் ஏரி 2005 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. 2020 அக்டோபரில் ரோதங் கணவாய்க்கு அடியில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, அதன் வடக்கு வாயிலை ஒட்டிய சிஸ்ஸு கிராமம் சுற்றுலா ஊராகவே மாறிவிட்டது. அகலமான தட்டைப் பள்ளத்தாக்கு, பக்கச்சுவரிலிருந்து கொட்டும் அருவி என்று அங்கே படமெடுக்கப்படும் அழகெல்லாம் பனியாற்றின் கைவேலை.

மொரைன் நல்ல அணையும் அல்ல, நல்ல அஸ்திவாரமும் அல்ல என்பதுதான் இதன் மறுபக்கம். ஒட்டுவதற்குச் சுண்ணாம்போ களிமண்ணோ இல்லாத குவியல் அது. சில இடங்களில் உள்ளே பழைய பனிக்கட்டியே புதைந்திருக்கும். மேலே வழிந்தோடும் நீர் ஒரு வாய்க்கால் பிடித்துவிட்டால் சில மணி நேரத்திலேயே கரை கரைந்துபோகும். கேதார்நாத் இப்படிப்பட்ட பனியாற்றுப் படிவத்தின் மேல் எழுந்த ஊர். 2013 ஜூன் 17 காலை, கனமழைக்குப் பின், ஊருக்கு மேலே மொரைன் தடுத்து வைத்திருந்த சோராபாரி ஏரி உடைந்து பாறைகளையும் சேற்றையும் ஊருக்குள் கொண்டுவந்தது. அந்த நாட்களில் உத்தராகண்டில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

சிக்கிமில் கரை வேறுவிதமாக உடைந்தது. ஆஷிம் சத்தார் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 2025-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வின்படி, ஏரியின் பக்கவாட்டில் உறைந்து நின்ற மொரைன் சரிவிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் அப்படியே ஏரிக்குள் சரிந்தது. ஏறக்குறைய 20 மீட்டர் உயர அலை எழுந்து முன்கரையை உடைத்தது. 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. செப்டம்பர் 28-இல் 167.4 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4-இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் 60.3 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பனிக்கு அடியில் இருக்கும் குழியை எப்படிக் கண்டார்கள்?

ஒரே பனியாற்றை ஓராண்டு இடைவெளியில் செயற்கைக்கோள் இரண்டு முறை படம் பிடிக்கிறது. பனியின் மேல் உள்ள வெடிப்புகளும் கற்குவியல்களும் இரண்டாவது படத்தில் கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கும். கணினி இரண்டு படங்களையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, எந்த இடம் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று சொல்லிவிடும். அது வேகம். மேற்பரப்பின் சாய்வு உயர வரைபடத்திலிருந்து கிடைக்கும். வேகமும் சாய்வும் தெரிந்தால் மாவுத் தட்டின் கணக்கைத் திருப்பிப் போடலாம்: இந்தச் சாய்வில் இந்த வேகம் வர வேண்டுமானால் பனி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்? பிரதீக் கந்தாயத், குல்கர்ணி, ஜே. ஸ்ரீனிவாசன் மூவரும் 2014-இல் இந்த முறையில் கங்கோத்ரி பனியாற்றை அளந்தார்கள். மேற்பகுதியின் நடுவில் பனி சுமார் 540 மீட்டர் தடிமன். முனைக்கு அருகில் 50, 60 மீட்டர்தான். பதினாறு மடங்கு விதி இங்கே கைகொடுக்கிறது. வேகத்தை அளப்பதில் கொஞ்சம் பிசகினாலும் தடிமனில் வரும் பிழை சிறியதாகவே இருக்கும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க யாராவது மலையேறத்தான் வேண்டும். லாஹௌலில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள சோட்டா ஷிக்ரி பனியாறு அதற்கு வாகாக அமைந்தது. 2002 முதல் ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நட்டு, மறுவருடம் கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்துப் பனி இழப்பைக் கணக்கிடுகிறார்கள். ரேடார் அலையைப் பனிக்குள் அனுப்பி, அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிமனையும் அளந்திருக்கிறார்கள்: வெவ்வேறு குறுக்கு வெட்டுகளில் 124 முதல் 270 மீட்டர் வரை. இப்படி நேரில் அளந்த பனியாறுகள் இமயமலையில் மிகச் சில. செயற்கைக்கோள் கணக்கை உரசிப் பார்க்கும் அளவுகோல்கள் அவைதான்.

மேற்பரப்பின் உயரத்திலிருந்து தடிமனைக் கழித்தால் மிஞ்சுவது அடித்தரையின் வரைபடம். அதில் வெளியேற வழியில்லாத பள்ளங்கள் எங்கெல்லாம் தெரிகின்றனவோ அங்கெல்லாம் வருங்கால ஏரிகள். பனியோ குறைந்துகொண்டே வருகிறது. குல்கர்ணியும் சகாக்களும் 2007-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் தந்த கணக்குப்படி, செனாப், பார்வதி, பாஸ்பா வடிநிலங்களின் 466 பனியாறுகள் 1962-இல் 2077 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தன. நாற்பதாண்டுகளில் அது 1628 ஆகிவிட்டது. மல்லேஸ்வரத்திலிருந்து சில கிலோமீட்டரில் தலைமையகம் வைத்திருக்கும் இஸ்ரோ 2024 ஏப்ரலில் வெளியிட்ட தகவலில், 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவில் விரிந்த இமயமலைப் பனியேரிகள் 676. இந்தியாவுக்குள் இருப்பவை 130. சிஸ்ஸு கிராமத்துக்கு மேலே உள்ள கேபாங் காத் ஏரி 1989-இல் 36.49 ஹெக்டேர், 2022-இல் 101.30 ஹெக்டேர்.

மலைமக்கள் பனியாற்று நிலத்தில் வாழ்வதைத் தவறென்று சொல்ல முடியாது; வேறு நிலம் அங்கே இல்லை. ஆனால் எங்கே விடுதி கட்டலாம், எங்கே அணை போடலாம் என்பதில் தேர்வு உண்டு. 2024-இல் மத்திய அரசு அருணாசலம், சிக்கிம், இமாச்சலம், உத்தராகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்குமாகப் பனியேரி வெள்ள ஆபத்தைக் குறைக்க 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. தீஸ்தா-3 அணையை அதே சுங்தாங்கில், இம்முறை 118 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கான்கிரீட்டில் திரும்பக் கட்ட, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. அணையின் உயரத்தையும் கட்டுமானப் பொருளையும் மாற்றுவது பாதி வேலை. மேலே உள்ள ஒவ்வொரு பனியாற்றின் அடித்தரை வரைபடமும், அங்கே உருவாகக்கூடிய ஏரிகளின் பட்டியலும் இல்லாத எந்த மலை அணைத் திட்டத்துக்கும் அனுமதி தரக்கூடாது. அந்த வரைபடத்தைத் தயாரிக்கும் முறை நம் கையிலேயே இருக்கிறது.